அப்பாவின் அளவு சரிதான்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைகூட ரெண்டு பேரும் கைகோத்து ஆடியதைப் பார்த்தேன். இங்கே நாங்களும் நலம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு பண்ணி நிரப்பிக்கொள். ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவில், நாற்பது விருந்தாளிகள் நடுவில், அப்பா ஒரு பக்கமும் அவருடைய கால்சட்டை இன்னொரு பக்கமுமாக நின்றார்களே, அதற்குக் காரணம் இன்டர்நெட் இல்லை. நீ எல்லாரிடமும் கையைப் பிசைந்துகொண்டு "டெக்னிக்கல் ஃபால்ட், டெக்னிக்கல் ஃபால்ட்" என்றாயே, அந்த ஃபால்ட்டைப் பெற்றவள் நான்தான். தெரிந்தே பண்ணினேன். கால்சட்டை மட்டும் தெரியாமல் நடந்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மற்றதற்கு இல்லை.

ஏன் கம்ப்யூட்டரில் அடிக்காமல் பேனா பிடித்திருக்கிறாள் என்று கேட்பாய். அடித்து அனுப்பினால் அதை எழுதியது யார் என்று உனக்குச் சந்தேகம் வரும். ஏன் வரும் என்று போகப் போகச் சொல்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் அது என் கோழிதான் என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை நானும் பள்ளிக்கூடம் போனவள்தான், ஆறாம் வகுப்புக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொள்ள ஆள் இல்லாததால் நின்றுவிட்டேன். இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. குத்துவதற்கு என்னிடம் ஊசி நிறைய இருக்கிறது.

போன வருஷம் நீ ஒரு பெட்டி அனுப்பினாய். அதைப் பார்த்ததும் அப்பா நீ வரப்போகிறாய், சாமான் முன்னால் வந்திருக்கிறது என்று நினைத்துக் கட்டிலை ஓரமாக நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். பெட்டியைப் பிரித்தால் கம்ப்யூட்டர். நீ போனில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இனிமே தூரமே கிடையாது. இதுக்குள்ள ஒரு உலகமே இருக்கு. நான் அதுல ஒரு வீடு கட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் அங்கேயே பார்த்துக்கலாம்." நான் கேட்டேன், "இங்கயும் ஒரு வீடு இருக்குடா, ஒழுகுற இடத்துல வாளி வச்சிருக்கேன், அதை எப்போ வந்து பார்க்கப்போற?" நீ சிரித்தாய். "அங்க ஒழுகாதுக்கா" என்றாய். நல்லது. கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டேன்.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவர் பக்கத்துக் கடை பேட்டரி. செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். நீ போன பிறகு வந்த கடை, அதனால் உனக்குத் தெரியாது. பாதி வேலையில் சார்ஜ் இறங்கி உட்கார்ந்துவிடுவார், அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் பேட்டரிதான். ஆள் கொஞ்சம் அகலம். என் தையல் கடைக் கதவில் நேராக நுழைய மாட்டார், பீரோவை உள்ளே கொண்டுவருகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பித்தான் நுழைவார். அவர்தான் எந்த பட்டனை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் பறக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

உள்ளே போனால் நீ எங்களுக்குப் பொம்மை செய்து வைத்திருந்தாய். நீ அவதார் என்பாய், எனக்கு அது பொம்மைதான். என் பொம்மைக்கு இடுப்பு இருபது இஞ்ச். என் ஒரு தொடைக்கே அது பத்தாது; நான் ரொம்ப நேரம் அவளைப் பார்த்து, நல்லா சாப்பிடுடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பொம்மையை, அவர் பஸ்ஸுக்கு முன்னால் காக்கிச் சட்டையில் நிற்கிற பழைய போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தாய். ஸ்டியரிங் பிடித்த தோள், பதினாறரை இஞ்ச் கழுத்து. உன் பொம்மையைப் பார்த்தேன். மார்பு கதவு மாதிரி, இடுப்பு தாழ்ப்பாள் மாதிரி, தலையில் காடு மாதிரி முடி. "அச்சு அசல் நான்தான்கா, ஸ்கேன் பண்ணி வச்சது. அளவெல்லாம் என்னோடது" என்றாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு இது?"

"தம்பிப்பா."

"அவனுக்கு முன்தலை அப்பவே போச்சே. யாரோ வழி தெரியாம வந்திருக்கான். அட்ரஸைக் கேட்டு அனுப்பிவை."

ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார். பட்டனை அவர் கையிலேயே கொடுத்தேன். பொம்மையை நேராகச் சுவரில் விட்டு, திருப்பி, உன் மாமனாரின் பொம்மை மேல் ஏறி, கடலுக்குள் இறங்கிவிட்டார். எழுந்துகொண்டார். "முப்பத்துநாலு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு கோழி மேல ஏத்தினது கிடையாது. இங்க ரெண்டே நிமிஷத்துல சம்பந்தியை ஏத்திட்டேன். பிரேக் இல்லாத இடத்துல எனக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

நன்றாகப் படி. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவருடைய பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தது நான். இடத்தைப் பிடித்து வைப்போம், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, அப்புறம் சமாதானம் சொல்லி அழைத்து வருவோம் என்றுதான் நினைத்தேன். நீ ஓடிவந்து "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்றாய். பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லையே என்று "ம்" என்று அடித்தேன். அவ்வளவுதான், நான் அப்பாவாகிவிட்டேன். மைக் ரிப்பேர், அதனால் அப்பா டைப் பண்ணுகிறார் என்று நான் சொன்னது பொய். மைக் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் நூல் சுற்றிய பாபின் மாட்டி வைத்திருக்கிறேன். நீயும் சந்தேகப்படவில்லை. பென்ஷன் பேப்பரில்கூடக் கட்டைவிரலால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்கிற மனுஷன் எப்படி இவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறார் என்று ஒரு தடவையாவது உனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. "அப்பா கலக்குறீங்க" என்றாய். கலக்கினேன்.

துணி விஷயம் அப்புறம்தான் ஆரம்பித்தது. அப்பாவுக்கு என்று நீ ஒரு சட்டை வாங்கி அனுப்பினாய், பொம்மைக்கு. போட்டால் காலர் காதுக்கு மேல் நிற்கிறது, கை முழங்காலில் தொங்குகிறது. அளவு மாற்ற வேண்டும் என்றாய். முப்பது வருஷமாக அளவு மாற்றித்தானே சாப்பிடுகிறோம், இது என்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தேன். தம்பி, அந்தத் துணி துணியே இல்லை. காலர் தனி, கை தனி, பட்டன் தனி. ஒவ்வொன்றுக்கும் மூன்று அம்புக்குறி. பச்சையைப் பிடித்து இழுத்தேன், காலர் மேலே போயே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து உன் மாமனார், அங்கே தன் வீட்டுக் கூரை மேல் யாருடைய காலரோ பறக்கிறது என்று சொல்லி அனுப்பினார். சிவப்பைப் பிடித்தேன், சட்டை மட்டும் பக்கவாட்டில் நடந்து போய்க் கதவருகில் நின்றது. பேட்டரி பக்கத்தில் உட்கார்ந்து, "டெய்லரக்கா, மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அவரே சார்ஜ் இறங்கித் தூங்கிவிட்டார். கடைசியில் இஞ்ச் டேப்பை எடுத்துக் கம்ப்யூட்டர் கண்ணாடி மேலேயே வைத்து அளந்தேன். பொம்மை ஒன்பது இஞ்ச், நீ அதற்குப் போட்டிருந்த உயரம் எழுபத்திரண்டு, ஆக எட்டுக்கு ஒன்று. கணக்கு கிடைத்ததும் கை தானாக வந்துவிட்டது. தோளைப் பிடித்தேன், கையை ஏற்றினேன், காலரை இறக்கினேன். சட்டை அப்பாவின் பொம்மைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பேட்டரி எழுந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல டேப் வச்சு அளக்குற முதல் ஆள் நீங்கதான்" என்றார். அவர் கேலி பண்ணுகிறாரா என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் என்ன, உன் வீட்டுக்காரி வந்தாள். "அண்ணி, இந்த கவுன் இடுப்புல கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்." அவள் தங்கை வந்தாள், தங்கையின் சிநேகிதிகள் வந்தார்கள். இங்கே என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிரித்து விடு, பிரித்து விடு என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த கால்சட்டையைக் கொண்டுவந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். அங்கே ஒருத்தராவது பிரிக்கச் சொல்லவில்லை. பிடி, பிடி, இன்னும் பிடி. உன் வீட்டுக்காரியின் இடுப்பைப் பிடித்துப் பிடித்து, ஒரு கட்டத்தில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. "இப்போ எப்படி மூச்சு விடுவ?" என்றேன். "இதுக்கு மூச்சு கிடையாதே அண்ணி" என்றாள். அது நியாயம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கடைசி வரை ஒப்பவில்லை. எந்தத் துணியைத் தைத்தாலும் நான் உள்ளே ரெண்டு விரல் துணி விடுவேன். மனுஷ உடம்பு இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி. பின்னால் பிரிக்க வேண்டி வந்தால் வழி இருக்க வேண்டும். அங்கே அது கிடையாது. எல்லாம் சரிபண்ணியதும் "முடிந்தது" என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் உடம்பும் துணியும் அப்படியே உறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு நூல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சில துணிகள் அதற்கும் மேல். தொட்டாலே "மாற்ற அனுமதி இல்லை" என்று எழுத்து வரும். முப்பது வருஷத்தில் என்னைத் தொடாதே என்று சொன்ன துணியை அங்கேதான் பார்த்தேன்.

சரி, சிரித்தது போதும்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் போய்விட்டார்கள். நீ போகவில்லை. அப்பாவின் பொம்மை கடலைப் பார்த்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது, நீ வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். அப்புறம் சொன்னாய், "அப்பா, இந்த வருஷமும் வர முடியாது போலிருக்கு. லீவு கிடைக்கல. ஆறு வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும். என் மேல கோபமாப்பா?" குரல் கொஞ்சம் உடைந்துதான் போயிருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. எழுதுகிற இடத்தில் அந்தக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அப்பா பின்னால் கட்டிலில் படுத்திருந்தார். எழுப்பிக் கேட்டிருக்கலாம். மைக்கிலிருந்து பாபினை எடுத்துவிட்டு, டேய், நான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். ரெண்டும் செய்யவில்லை. "பரவாயில்லைப்பா, நீ வேலையைப் பாரு" என்று அடித்தேன். உன் பொம்மை அப்பாவின் பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, எனக்குத் தெரியும், எண் ஏழு.

அந்தப் பரவாயில்லை அப்பாவுடையது இல்லை. அதை நீ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன், "தம்பிக்கு இந்த வருஷமும் லீவு கிடைக்கலையாம்." அவர் ரொட்டியைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தார். அது ஊறி உடைந்து உள்ளே விழுகிற வரைக்கும் முக்கிக்கொண்டே இருந்தார். "நான் ஓட்டின காலத்துல, ஸ்டாப்புல ஒரு ஆள் நிக்கிறது தெரிஞ்சா நிறுத்தாம போனதே கிடையாது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் உனக்கு அதை அடித்து அனுப்பவில்லை. பொம்மை அப்படியெல்லாம் பேசாது.

அதற்கப்புறம் உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா ரொம்ப இளைச்சுட்டார்டா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "என்னக்கா, ஞாயித்துக்கிழமைதான பார்த்தேன், ஜம்முனு இருந்தாரே!" நான் போனை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்தேன். யாரைத் திட்டுவது? ஜம்முனு வைத்தது நான்தானே. சட்டை தோளில் உட்காரவில்லை என்றால் ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இழுத்து இழுத்துச் சரிபண்ணியது யார்? நீ ஆறு வருஷம் வராமல் இருந்தாய், நீ வர வேண்டிய அவசியமே இல்லாமல் நான் ஒரு வருஷம் தைத்துக் கொடுத்தேன்.

பிறந்தநாள் வந்தது. வர முடியவில்லை, அதற்குப் பதிலாக அங்கேயே பெரிசாகப் பண்ணிவிடுகிறேன் என்றாய். அப்பாவின் பொம்மைக்குக் கோட்டும் கால்சட்டையும் அனுப்பி, "அக்கா, அப்பா ராஜா மாதிரி இருக்கணும், அளவு நீ பார்த்துக்கோ" என்றாய். முந்தின நாள் காலையில் நான் நிஜ அப்பாவுக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று டேப்பை எடுத்தேன். புதுத் துணி வேண்டாம் என்றார், பழைய வெள்ளைச் சட்டையையே பிடித்துக் கொடு என்றார். அதை இந்த வருஷத்தில் பிடிப்பது ஆறாவது தடவை. எழுந்து நின்றார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கழுத்து பதின்மூன்று, போன மாதம் பதின்மூன்றரை. மார்பு முப்பத்தொன்று. உயரம் எழுபத்திரண்டு இருந்தவர் அறுபத்தேழுக்கு வந்துவிட்டார். இடது தோள் வலதைவிட ஒரு இஞ்ச் இறக்கம். "எழுதிக்கிட்டியா?" என்றார். "எழுதிட்டேம்பா." "இன்னும் ரெண்டு இஞ்ச் போனா என்னை ஹேங்கர்லயே மாட்டிடலாம், கட்டில் மிச்சம்" என்று சிரித்தார். டாக்டர் எடையை எழுதுகிறார், நான் அளவை எழுதுகிறேன். ரெண்டு நோட்டும் ஒரே பக்கமாகத்தான் போகின்றன. இதை உனக்கு எத்தனை தடவை வாயால் சொல்வது?

நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அளவு பார்த்துக்கோ என்று நீதானே சொன்னாய், பார்த்தேன். டேப்பைக் கண்ணாடியில் வைத்து, எட்டுக்கு ஒன்று கணக்குப் போட்டு, கழுத்தைக் குறைத்தேன். தோளைக் குறைத்தேன், இடது தோளை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். உயரத்தை இறக்கினேன், முதுகை முன்னால் சாய்த்தேன். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் அந்தப் பொம்மை நான் தினம் பார்க்கிற ஆள் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. கடைசியில் அது அப்பாவேதான். நான் எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் அந்த உடம்புக்குக் கோட்டைப் பிடித்தேன். தம்பி, நானே சொல்லக் கூடாது, என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோட்டு வேலை செய்ததில்லை. ஒரு சுருக்கம் கிடையாது. கால்சட்டையைத் தொட்டேன், "மாற்ற அனுமதி இல்லை" என்றது. நாற்பது இஞ்ச் இடுப்பு. பெல்ட்டையாவது இறுக்கலாம் என்றால் அது கால்சட்டையோடு ஒட்டினது. எப்படியும் இடுப்பில் நிற்கும் என்று நினைத்து "முடிந்தது" பட்டனை அழுத்தினேன். நிற்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நீ பாட்டுப் போட்டு, நாற்பது பேரும் கை தட்ட, கதவைத் திறந்தாய். அப்பா நடந்து வந்தார். கால்சட்டை அவருக்கு முன்னால் ரெண்டடி தள்ளி, தனக்கென்று ஒரு வேலை இருப்பது மாதிரி, தானாக நடந்து வந்தது. அவர் நின்றால் அது நின்றது. உன் மாமனாரின் பொம்மை தெரியாமல் கால்சட்டைக்கு மாலை போட்டுவிட்டது, கழுத்து இல்லாததால் அது நழுவி விழுந்தது. உன் மச்சினி வாயைப் பொத்துகிற பட்டனை அழுத்தினாள். நான் இங்கே சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன், பேட்டரியும் சிரித்தார். அப்புறம் நீ அப்பாவைப் பார்த்தாய். கால்சட்டையை இல்லை, அப்பாவை. பாட்டை நிறுத்தினாய்.

"அக்கா, அளவு தப்பா இருக்கு. பழையபடி பெருசாக்கு."

நான் அப்பாவின் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி, அக்கா என்று போட்டு அடித்தேன்: அளவு சரிதான். நேற்றுத்தான் எடுத்தது.

"அக்கா, விளையாடாத. எல்லாரும் பார்க்கிறாங்க. பெருசாக்கு."

பெரிசாக்க முடியாது, நான் பட்டனை அழுத்தியாகிவிட்டது. அதை அடித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியேற்று என்கிற பட்டனை நீ அழுத்தினாய். அப்பா போய்விட்டார். திரையில் நாற்பது பேர் இருந்தார்கள், கேக் இருந்தது, கால்சட்டைகூடக் கொஞ்ச நேரம் இருந்தது. பிறந்தநாள்காரர் மட்டும் இல்லை. நீ டெக்னிக்கல் ஃபால்ட் என்று சொல்லிப் பாட்டைத் திரும்பப் போட்டாய். ஆடினீர்கள்.

அப்பா உள்ளேயிருந்து கேட்டார், "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"என்ன சொன்னான்?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொன்னான்."

அவர் ஆறாவது தடவை பிடித்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேல் பட்டன் வரைக்கும் போட்டு, முகம் மழித்து உட்கார்ந்திருந்தார். "எதைப் பார்த்துச் சொன்னான்?" என்றார்.

இந்தக் கேள்வியை அப்படியே உனக்குத் தள்ளிவிடுகிறேன். பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

அவ்வளவுதான் விஷயம். அப்பாவின் பொம்மை இனிமேல் வளராது, அதை என்ன பண்ணுவாயோ உன் பாடு. நான் இனி அந்தக் கம்ப்யூட்டரைத் தொடப்போவதில்லை, பேட்டரியிடம் கொடுத்துவிட்டேன், அவர் அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொள்கிறார். உன்னைக் கூப்பிடுவதற்காக இதையெல்லாம் எழுதினேன் என்று நினைத்துவிடாதே. உனக்கு லீவு கிடைக்காது, எங்களுக்கும் இத்தனை வருஷத்தில் பழகிவிட்டது. கட்டிலையும் இனிமேல் நகர்த்த முடியாது, ஒரு கால் ஆடுகிறது. உன் வீட்டுக்காரியிடம் அண்ணி விசாரித்ததாகச் சொல், நீல கவுனின் இடுப்பை நான் "முடிந்தது" போடாமல்தான் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் மூச்சுக்கு இடம் விட்டுக்கொள்ளச் சொல். உன் மாமனாருக்கு அப்பாவின் வணக்கம், ஏற்றியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நல்ல சட்டையும் நல்ல தூக்கமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
(கையெழுத்தைப் பார்த்துக்கொள், அப்பா இல்லை.)

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டைப் அடித்த விஷயத்தையும் சேர்த்துத்தான். நடுவில் ரெண்டு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் ஜன்னலைப் பார்த்தார். முடிந்ததும், "ஒன்பது பக்கம் எழுதியிருக்க. வான்னு ஒரு வார்த்தை எங்க இருக்கு?" என்றார். திரும்பவும் முதலிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. அதனால் மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டு, வா என்று மட்டும் படித்துக்கொள். நானே அடித்திருப்பேன், மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது, மனசு வரவில்லை. கட்டில் காலைப் பேட்டரி சரிபண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று: நீ வந்தால் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்து வை என்று அப்பா சொன்னார். நோட்டில் இருப்பது ஆறு வருஷத்துக்கு முந்தின அளவு. அளவெல்லாம் என்னோடது என்று நீ சொல்லியிருந்ததால், பேட்டரி கடைக்குப் போய், டீ கிளாஸை நகர்த்திவிட்டு, உன் பொம்மையைத் திறந்து, டேப்பைக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். எட்டுக்கு ஒன்று. மார்பு நாற்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு. சட்டை நேற்று முடிந்தது. யாருக்காவது சேருகிறதா பார்க்கலாம் என்று பேட்டரியைப் போடச் சொன்னேன். மார்பு சரியாக இருந்தது, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி இடுப்புப் பட்டனும் போட்டுவிட்டோம். இப்போது கழற்ற வரவில்லை. பிரித்து விடலாம் என்று உள்ளே பார்த்தேன், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ரெண்டு விரல் துணி விட மறந்திருக்கிறேன். வெட்டலாம் என்றால் கத்தரிக்கோல் பட்டால் கூசுகிறது என்கிறார். அப்படியே கடை திறக்கப் போயிருக்கிறார்.